ஒரு கண்மாய்க் கிராமத்தின் நிலமாற்றத்தை அளந்து பதிவுசெய்யும் முறை

இராமநாதபுரம் மாவட்டத்து மானாவாரிக் கிராமம் ஒன்றில், கடந்த முப்பது ஆண்டுகளில் நிலம் எப்படி மாறியிருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு விடை கிடைக்கும். ஆடு மேய்ப்பவர் புல்தரை போய்விட்டது என்பார். கரிமூட்டம் போடுபவர் வெட்டுவதற்கு விறகு முன்போல் கிடைக்கவில்லை என்பார். ஆயக்கட்டு விவசாயி கண்மாயின் உள்வாய் (கரைக்கு உட்பக்கம் நீர் தேங்கும் பரப்பு) முழுவதும் சீமைக்கருவேல் ஏறிவிட்டது என்பார். மூவரும் தத்தம் தொழில் நிற்கும் இடத்திலிருந்து கண்டதையே சொல்கிறார்கள். மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எந்த இடத்தில், எத்தனை ஹெக்டேர், எந்த ஆண்டில் தொடங்கி, எது எதுவாக மாறியது என்பது எழுத்தில் இல்லாதவரை, தூர்வாருவதானாலும் கருவேல் அகற்றுவதானாலும் சூரியமின் நிலையத்துக்கு இடம் பார்ப்பதானாலும் முடிவு ஊகத்தின் மேல்தான் எடுக்கப்படும். அந்த எழுத்துப் பதிவை ஒரு கிராமத்து இளைஞர் குழுவோ, பள்ளி ஆசிரியரோ, கல்லூரி மாணவர்களோ, பாசனச் சங்கமோ தாமே உருவாக்க முடியும். ஒரு மடிக்கணினி, ஒரு கைப்பேசி, இணைய இணைப்பு, ஆண்டுக்குச் சில நாட்கள் நடப்பதற்கான மனம் ஆகியவை போதும்.

வேலையைத் தொடங்கும் முன் மனத்தில் இருத்த வேண்டியது இது: மாற்றத்தை அளப்பவருக்குத் துல்லியமான படத்தைவிட மாறாத முறையே முக்கியம். இரண்டு ஆண்டுகளின் படங்களை இரண்டு விதமாக வகைப்படுத்தினால், அவற்றுக்கிடையே தெரியும் வேறுபாடு நிலத்தில் நிகழ்ந்ததா, நம் முறையில் நிகழ்ந்ததா என்று பின்னர் யாராலும் பிரித்தறிய முடியாது. பிரிட்டனில் 1978இல் தொடங்கிய நாட்டுப்புறக் கணக்கெடுப்பு இதற்கு நல்ல சான்று. நாடு முழுவதிலிருந்தும் ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள 256 சதுரங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்குள் இருக்கும் நிலவகைகளையும் செடிகொடிகளையும் பதிவுசெய்தார்கள். பிறகு 1984, 1990, 1998, 2007 ஆகிய ஆண்டுகளில் புதிய சதுரங்களைச் சேர்த்துக்கொண்டே பழையவற்றுக்கும் மீண்டும் சென்றார்கள்; 2007இல் சதுரங்களின் எண்ணிக்கை 591 ஆகியிருந்தது. அந்தத் தரவின் மதிப்பு, போன இடத்துக்கே திரும்பப் போனதிலும் முன்பு கேட்டதையே திரும்பக் கேட்டதிலும் இருக்கிறது. ஒரு கிராமத்துக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

கேள்வியும் வகைகளும்

நிலத்தின் மேல் கண்ணுக்குத் தெரிவது ஒன்று. அந்த நிலத்தை மனிதர் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது இன்னொன்று. அங்கே எந்த உயிர்கள் வாழ முடியும் என்பது மூன்றாவது. முதலாவதை நிலப்போர்வை என்றும், இரண்டாவதை நிலப்பயன்பாடு என்றும், மூன்றாவதை வாழிடம் என்றும் வைத்துக்கொள்வோம். இந்த மூன்றையும் ஒரே பட்டியலில் கலந்துவிடுவதுதான் இத்தகைய முயற்சிகளில் அதிகம் காணப்படும் கோளாறு. வருவாய்த்துறைப் பதிவேட்டில் மேய்ச்சல் புறம்போக்கு என்று இருக்கும் புல எண்ணில் இன்று ஆடு நுழைய முடியாத முட்புதர் இருக்கலாம். ஒவ்வொரு புல எண்ணிலும் என்ன பயிர் என்று ஆண்டுதோறும் எழுதப்படும் அடங்கலில் தரிசு என்று இருக்கும் நிலம் கொழுக்கட்டைப்புல் அடர்ந்த நல்ல மேய்ச்சலாகவும் இருக்கலாம், உவர் பூத்த வெற்றுத் தரையாகவும் இருக்கலாம். ஆகவே பதிவுத்தாளில் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் வேண்டும்.

நிலப்போர்வைக்கு பன்னிரண்டு வகைகளுக்கு மேல் வேண்டாம். இராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்துக்கு நான் பரிந்துரைப்பவை: நீர் நிற்கும் பரப்பு; கோரை, நாணல், நெய்வேலிக் காட்டாமணக்கு போன்றவை நிறைந்த ஈரத்தரை; நெல் வயல்; மிளகாய், பருத்தி, சிறுதானியம் உள்ளிட்ட புன்செய்ப் பயிர்; உழுத தடம் தெரியும் தரிசு; புல்தரை; சீமைக்கருவேல் புதர்; நாட்டுக்கருவேல், குடைவேல், வேம்பு போன்ற நாட்டு மரக்கூட்டம்; பனங்காடு; உவர்நிலமும் வெற்றுத்தரையும்; கட்டடமும் சாலையும்; சூரியமின் தகடுகள். உங்கள் ஊரில் உப்பளமோ இறால் பண்ணையோ இருந்தால் உவர்நிலத்துடன் சேர்க்காமல் தனி வகையாக்குங்கள்.

வகைக்குப் பெயர் வைப்பதைவிட எல்லை வகுப்பது கடினம். புல்தரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கருவேல் முளைத்தால், எந்தக் கட்டத்தில் அது புதராகிறது? இதற்கு ஒரே விதியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பார்க்கும் இடத்தை நடுவாக வைத்து 10 மீட்டர் பக்கமுள்ள சதுரம் ஒன்றைக் கற்பனை செய்து, அதில் முட்புதரின் நிழல்பரப்பு 30 விழுக்காட்டைத் தாண்டினால் புதர், தாண்டாவிட்டால் புல்தரை என்று கொள்ளலாம். 30 என்ற எண்ணுக்குத் தனிப் புனிதம் ஏதுமில்லை. 25 என்று வைத்தாலும் தவறில்லை. வைத்த எண்ணைப் பின்னர் மாற்றக்கூடாது, அவ்வளவே. ஒவ்வொரு வகைக்கும் களத்தில் எடுத்த இரண்டு ஒளிப்படங்களையும், வானிலிருந்து அதே இடம் தெரியும் விதத்தையும் ஒட்டி ஒரு கையேடு செய்துகொள்வது மிகவும் உதவும். ஐந்து ஆண்டுகள் கழித்து வேறொருவர் இந்த வேலையை ஏற்கும்போது, அவர் கண் உங்கள் கண்ணைப்போலவே பார்க்க வேண்டுமானால் அந்தக் கையேடுதான் வழி.

எல்லையும் அரசுப் பதிவுகளும்

கிராம வரைபடம், புலப்படங்கள், ஒவ்வொரு புல எண்ணின் வகையையும் பரப்பையும் காட்டும் அ-பதிவேடு, அடங்கல் ஆகியவற்றை முதலில் திரட்ட வேண்டும். புலப்படத்தையும் அ-பதிவேட்டு விவரத்தையும் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் புல எண் கொடுத்துப் பெறலாம். அடங்கல் கிராம நிர்வாக அலுவலரிடம் பசலி ஆண்டுவாரியாக இருக்கும். வருவாய்த்துறையின் கணக்காண்டான பசலி ஜூலை 1இல் தொடங்கி அடுத்த ஜூன் 30இல் முடிவதால், 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434 ஆகும். செயற்கைக்கோள் படத்தின் நாளை அடங்கலோடு ஒப்பிடும்போது இதை மறந்துவிட்டால் ஒரு முழுச் சாகுபடிப் பருவம் இடம் மாறிவிடும்.

கட்டணமின்றிக் கிடைக்கும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கிராம எல்லையை வரைந்து, கண்மாய்க் கரை, கலுங்கு, மடை, வரத்துக்கால், ஊருணி, கோயில், சாலைச் சந்திப்பு ஆகிய அசையாத அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். காகித வரைபடத்தை இந்த அடையாளங்களின் துணையோடுதான் பூமியின் ஆயத்தொலைவுகளுடன் பொருத்த முடியும். பொருத்தியபின்பும் சில மீட்டர் பிசகு இருக்கும் என்பதால், வேலித் தகராறுகளைத் தீர்க்க இந்த வரைபடத்தைப் பயன்படுத்த ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். இது நிலமாற்றத்தைக் காட்டும் கருவியே அன்றி நில அளவையரின் கருவி அன்று.

பழைய நிலையை மீட்பது

கண்காணிப்பு இன்று தொடங்கினாலும் ஒப்பீட்டுக்குப் பழைய நிலை வேண்டும். இதற்கு வாய்ப்பு நாம் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் 1995இல் பொதுப் பார்வைக்குத் திறக்கப்பட்டன. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். அவற்றில் பிந்தியவை இரண்டு மீட்டர் அளவுள்ள பொருளையும் பிரித்துக் காட்டக்கூடியவை. படத்தின் ஓரங்கள் வளைந்திருக்கும் என்பதால் பரப்பளவு கணக்கிட அவை ஏற்றவை அல்ல. ஆயினும் ஒரு கண்மாயின் உள்வாய் அன்று வெறுந்தரையாக இருந்ததா, மரங்களோடு இருந்ததா, வரத்துக்கால் எங்கே ஓடியது என்பவற்றுக்கு அவற்றைப்போன்ற சாட்சி வேறில்லை. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடங்கள் அடுத்த சான்று.

1984இல் ஏவப்பட்ட அமெரிக்கச் செயற்கைக்கோளான லேண்ட்சாட் 5, 2013 வரை பணியாற்றியது. அதன்பின் லேண்ட்சாட் 8உம் 2021இல் வந்த லேண்ட்சாட் 9உம் தொடர்கின்றன. இந்த வரிசையின் படங்கள் 2008 முதல் விலையின்றிக் கிடைக்கின்றன. ஒரு படப்புள்ளி 30 மீட்டர் பக்கமுள்ள சதுரம், அதாவது ஏறத்தாழ 22 சென்ட். கண்மாய்க்கும் பெரிய புதர்க்காட்டுக்கும் இது போதும். ஊருணிக்கும் வரப்போரப் பனைக்கும் போதாது. லேண்ட்சாட் 7இன் படங்களில் 2003 மே மாத இறுதிக்குப் பின் கருவிக் கோளாறால் கோடு கோடாக இடைவெளி விழுந்திருக்கும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

மனித நினைவையும் சான்றாகவே மதிக்க வேண்டும். ஆனால் எந்த ஆண்டு என்று கேட்டால் பெரியவர்களுக்கு விடை வராது. தனுஷ்கோடியை அழித்த 1964 புயலுக்கு முன்பா பின்பா, எம்.ஜி.ஆர். மறைந்த ஆண்டுக்கு முன்பா பின்பா, சுனாமிக்கு முன்பா பின்பா என்று கேட்டால் தெளிவாக வரும். கிடை போடுபவர்கள், பனையேறிகள், விறகு பொறுக்கும் பெண்கள், மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சிகள் ஆகியோரைத் தனித்தனியே சந்தித்து, வரைபடத்தை விரித்து வைத்து, இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். பொதுக்கூட்டத்தில் கேட்டால் ஊரில் செல்வாக்குள்ளவரின் நினைவே எல்லோருடைய நினைவாகிவிடும்.

செயற்கைக்கோள் படத்தை எந்த நாளில் எடுப்பது

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள் வரிசையில் முதலாவது 2015இலும் இரண்டாவது 2017இலும் ஏவப்பட்டன. இந்த வரிசை ஐந்து நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கிறது. ஒளியை நிறவாரியாகப் பிரித்துப் பதியும் அலைப்பட்டைகளில் முதன்மையானவற்றில் படப்புள்ளி 10 மீட்டர் பக்கமுள்ள சதுரம், அதாவது சரியாக ஓர் ஏர் (100 சதுர மீட்டர்). பட்டாவில் பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும்தான் எழுதப்படுகிறது என்பதால் பதிவேட்டோடு ஒப்பிட இது வசதியாக அமைந்துவிட்டது. கோப்பர்நிக்கஸ் இணையதளத்தில் இப்படங்களைப் பார்க்கவும் இறக்கவும் கட்டணமில்லை.

மானாவாரிப் பகுதியில் நாளைத் தேர்வதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் மேகம் மறைக்கும். பொங்கலுக்குப் பிந்திய நாட்களில் வானம் தெளியும். கண்மாய்களில் நீர் இருக்கும். நெல் முற்றி நிற்கும் அல்லது அறுவடையாகிக்கொண்டிருக்கும். நீர்ப்பரப்பையும் சாகுபடியையும் அளக்க ஜனவரி பிற்பகுதிதான் ஏற்ற காலம். ஆனால் அந்த மாதத்தில் நெல், கோரை, புல், கருவேல் எல்லாமே பசுமையாக இருப்பதால் புதரைப் பிரித்தறிய முடியாது. அதற்கு மே மாதக் கடைசி வேண்டும். புல் காய்ந்து, வயல் வெடித்து, உள்வாய் வறண்டு கிடக்கும் அந்த நாட்களில், ஆழத்தில் வேர் விட்ட சீமைக்கருவேல் மட்டும் பச்சையாக நிற்கும். கோடைப் பருத்தி நிற்கும் வயல்களை அடங்கலைப் பார்த்து நீக்கிவிட்டால், மே மாதப் பசுமை பெரும்பாலும் கருவேலும் நாட்டு மரங்களும்தான். ஆண்டுக்கு இந்த இரண்டு படங்களை ஒழுங்காகச் சேர்த்தாலே ஒரு கிராமத்துக்குப் பெரும்பகுதி வேலை முடிந்தது என்பது என் உறுதியான கருத்து.

பசுமையை அளக்கத் தாவரக் குறியீடு என்ற எளிய கணக்கு இருக்கிறது. அகச்சிவப்புப் பட்டையின் மதிப்பிலிருந்து சிவப்புப் பட்டையின் மதிப்பைக் கழித்து, வந்ததை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். சென்டினல்-2இல் அவை முறையே எட்டாம், நான்காம் பட்டைகள். விடை −1க்கும் +1க்கும் இடையில் வரும். தழைத்த செடி +1ஐ நோக்கி நகரும், நீர் பெரும்பாலும் பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். எந்த மதிப்புக்கு மேல் புதர் என்பதை இணையத்திலிருந்து எடுக்காமல், உங்கள் கிராமத்தில் உங்களுக்கே நன்றாகத் தெரிந்த புதர்களிலும் புல்தரைகளிலும் அந்த மதிப்பு எவ்வளவு வருகிறது என்று பார்த்து முடிவுசெய்யுங்கள். நீருக்கும் இதேபோன்ற கணக்கு உண்டு: பச்சைப் பட்டையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, கூட்டுத்தொகையால் வகுப்பது.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லாமல் கடக்கக்கூடாது. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 தரவுகளைப் பதப்படுத்தும் முறை மாறியது. அன்று முதல் வெளிவரும் கோப்புகளில் ஒவ்வொரு படப்புள்ளியின் எண்ணோடும் 1000 கூட்டப்பட்டிருக்கும். அதைக் கழிக்காமல் கணக்கிட்டால் தாவரக் குறியீடு தானாகவே குறைந்து, ஊரின் பசுமையெல்லாம் 2022இல் திடீரென வாடியதுபோல் தோன்றும். கூகுளின் எர்த் எஞ்சின் தளத்தில் இந்த வேறுபாட்டைச் சரிசெய்த தொகுப்பு தனியே இருக்கிறது. நேரடியாக இறக்குபவர்கள் கோப்புடன் வரும் விவரத்தாளைப் பார்த்துத் தாங்களே கழித்துக்கொள்ள வேண்டும்.

மழைக்காலத்திலேயே கண்மாய் எப்போது நிறைந்தது என்று அறிய விரும்பினால், 2014 முதல் கிடைக்கும் சென்டினல்-1 ரேடார் படம் மேகத்தை ஊடுருவிக் காட்டும். அமைதியான நீர்ப்பரப்பு அதில் கறுப்பாகத் தெரியும். நீருக்குள் மரங்கள் நின்றால் அந்த இடம் வெளிச்சமாகிவிடும் என்பதால், கருவேல் அடர்ந்த உள்வாயில் ரேடார் காட்டும் நீரளவு உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். ஐரோப்பிய ஆணையத்தின் உலக மேற்பரப்பு நீர் வரைபடம் 1984 முதலான நீர்ப்பரப்பைத் தொகுத்துத் தருகிறது. செடிகொடி மூடிய நீரை அதுவும் தவறவிடும்.

ஆயத்த வரைபடங்களை எவ்வளவு நம்பலாம்

இஸ்ரோவின் புவன் தளத்தில் 2005-06, 2011-12, 2015-16 ஆகிய மூன்று சுற்றுகளின் நிலப்பயன்பாட்டு வரைபடங்கள் 1:50,000 அளவில் இருக்கின்றன. மாவட்ட நிலவரம் அறிய அவை நல்ல துணை. ஐரோப்பிய விண்வெளி முகமை 2020க்கும் 2021க்கும் 10 மீட்டர் நுண்மையில் உலக நிலப்போர்வை வரைபடங்களை வெளியிட்டது. இரண்டையும் மேலடுக்கி வேறுபாட்டைப் பார்க்க யாருக்கும் ஆசை வரும். ஆனால் இரண்டும் வெவ்வேறு கணிப்பு முறைகளில் உருவானவை. அவற்றின் வேறுபாட்டில் முறையின் மாற்றமும் கலந்திருக்கும் என்று தயாரித்தவர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

ஒரே முறையில் செய்தாலும் வேறொரு தடை உண்டு. ஒரு வரைபடம் நூற்றுக்கு 85 இடங்களில் சரியாக இருக்கிறது என்றால் அது நல்ல வரைபடம். அப்படிப்பட்ட இரண்டை மேலடுக்கினால், இரண்டிலும் ஒருசேரச் சரியாக இருக்கும் இடங்கள், பிழைகள் ஒன்றையொன்று சாராத நிலையில், 0.85 × 0.85, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 72தான். கிராமத்தில் பத்தாண்டுகளில் உண்மையாக மாறியது 5 விழுக்காடாக இருந்தால், 28 விழுக்காடு ஐயத்துக்குள் அது காணாமற்போகும். வண்ணமயமான இரண்டு வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடப்படும் எத்தனையோ அறிக்கைகளில் இந்தக் கணக்கு பார்க்கப்படவே இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

புள்ளி முறை

ஆகவே பரப்பளவைச் சொல்வதற்கு வரைபடத்தின் வண்ணங்களை எண்ணாமல், நிலையான புள்ளிகளைக் கண்ணால் பார்த்து எண்ணும் முறையைப் பரிந்துரைக்கிறேன். 600 ஹெக்டேர் பரப்புள்ள கிராமம் என்று கொள்வோம். க்யூஜிஐஎஸ்ஸில் 120 மீட்டர் இடைவெளியில் கட்டம் கட்டமாகப் புள்ளிகள் இட்டால் ஏறத்தாழ 400 புள்ளிகள் வரும். ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய ஒன்றரை ஹெக்டேருக்குப் பிரதிநிதி. முதல் புள்ளியின் இடத்தை மட்டும் குலுக்கல் முறையில் தேர்ந்துகொண்டால் மற்றவை தாமே அமையும். நமக்குத் தெரிந்த, மாற்றம் நடந்த இடங்களாகப் பார்த்துப் புள்ளி வைத்தால் கணக்கு முழுவதும் வீண்.

கூகுள் எர்த்தின் கணினிப் பதிப்பில் பழைய படங்களை ஆண்டுவாரியாகப் பின்னோக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது. 400 புள்ளிகளையும் அதில் ஏற்றி, ஒவ்வொன்றையும் சுற்றியுள்ள 10 மீட்டர் சதுரத்தில் என்ன தெரிகிறது என்று அடிப்படை ஆண்டுக்கும் நடப்பு ஆண்டுக்கும் எழுதுங்கள். இருவர் தனித்தனியே எழுதி ஒப்பிடுவது நல்லது. கருத்து மாறுபடும் புள்ளிகளுக்குக் களத்துக்குச் சென்று முடிவுசெய்யலாம். கண் பழகுவதற்குக் கமுதியருகே உள்ள பெரிய சூரியமின் நிலையத்தைப் பார்க்கலாம். 648 மெகாவாட் திறனுள்ள அந்த நிலையம் 2016இல் செயல்படத் தொடங்கியது. சுமார் 2,500 ஏக்கரில் அமைந்திருக்கிறது. அதற்கு முந்திய ஆண்டுகளின் படங்களையும் பிந்தியவற்றையும் மாறி மாறிப் பார்த்தால், வயல், தரிசு, புதர், தகடு ஆகியவை மேலிருந்து எப்படித் தெரியும் என்பது பிடிபட்டுவிடும்.

எத்தனை புள்ளிகள் தேவை என்பது நீங்கள் அறிய விரும்பும் மாற்றத்தின் அளவைப் பொறுத்தது. 100 புள்ளிகளில் 10இல் புல்தரை இருந்தால், கிராமத்தில் 10 விழுக்காடு புல்தரை என்று சொல்லலாம். ஆனால் அதில் கூடவோ குறையவோ 6 விழுக்காடு ஐயம் இருக்கும். 600 ஹெக்டேர் கிராமத்தில் அது 60 ஹெக்டேர், ஐயம் 36 ஹெக்டேர். 400 புள்ளிகளானால் ஐயம் பாதியாகி 18 ஹெக்டேராகும். ஒவ்வொரு முறையும் அதே புள்ளிகளுக்கே திரும்புவதால், மாற்றத்தைப் பொறுத்த ஐயம் இன்னும் குறையும். அறிக்கையில் எந்தப் பரப்பை எழுதினாலும் அதன் அருகே இந்த ஐய அளவையும் எழுதுவது நேர்மை.

களத்தில் செய்ய வேண்டியவை

வானிலிருந்து பார்க்கும்போது கொழுக்கட்டைப்புல் நிறைந்த மேய்ச்சலுக்கும் ஆடு தொடாத களை நிறைந்த தரைக்கும் வேறுபாடு தெரியாது. நாரைகள் கூடு கட்டும் நாட்டுக்கருவேல் தோப்பும், அதே அடர்த்தியுள்ள சீமைக்கருவேலும் ஒன்றுபோலவே தெரியும். வாழிடத்தை அறிய நடந்துதான் ஆக வேண்டும்.

400 புள்ளிகளில் 60 புள்ளிகளை எல்லா வகைகளிலிருந்தும் குலுக்கித் தேர்ந்துகொண்டு, ஆண்டுக்கு இருமுறை, பொங்கலுக்குப் பின்னும் மே இறுதியிலும், அங்கே செல்லுங்கள். கைப்பேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும் என்பதால், முதல் முறை சென்றபோதே பக்கத்திலுள்ள கல், மடை, பனை ஆகியவற்றிலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை என்று எழுதி வையுங்கள். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்ற வரிசையிலேயே நான்கு ஒளிப்படங்கள்; கண் உயரம்; பெரிதாக்காத இயல்பான பார்வை; படத்துக்குள் அசையாத பொருள் ஒன்று. முந்தைய முறை எடுத்த படத்தை அச்சிட்டுக் கையில் கொண்டு போனால் சட்டகம் பொருந்தும். கோப்பின் பெயரைப் புள்ளி எண், ஆண்டு, மாதம், நாள், திசை என்ற ஒழுங்கில் வையுங்கள்.

புல்தரைப் புள்ளிகளில் ஒரு மீட்டர் பக்கமுள்ள சட்டத்தை ஐந்து இடங்களில் வைத்து, எந்தப் புல் எத்தனை விழுக்காடு மூடியிருக்கிறது, வெற்றுத்தரை எவ்வளவு, கருவேல் கன்றுகள் எத்தனை என்று எழுத வேண்டும். இவற்றில் கன்றுகளின் எண்ணிக்கைக்கே நான் முதலிடம் கொடுப்பேன். முழங்கால் உயரக் கன்று எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. தெரியும் அளவு வளர்ந்தபின் அகற்றும் செலவு பல மடங்காகிவிடும். மரக்கூட்டங்களில் 10 மீட்டர் சதுரத்துக்குள் உள்ள மரங்களை இனவாரியாக எண்ணி, வெட்டிய அடிக்கட்டைகளையும் தனியே எண்ணுங்கள்.

பறவைகளுக்கு விடியற்காலையில் ஒரு புள்ளிக்குப் பத்து நிமிடம் போதும். தரையில் முட்டையிடும் மஞ்சள்மூக்கு ஆட்காட்டி, வானம்பாடி, கௌதாரி ஆகியவை திறந்த புல்தரையின் நிலையைச் சொல்லும். நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, கரண்டிவாயன் ஆகியவை கண்மாயின் நிலையைச் சொல்லும். ஒன்றும் தென்படாவிட்டால் பூச்சியம் என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்ட கட்டம், பார்க்கவில்லை என்றும் பொருள்படும், இல்லை என்றும் பொருள்படும். இதே மாவட்டத்தின் காஞ்சிரங்குளம் பறவைகள் காப்பகத்தில் கொக்கு, நாரை இனங்கள் உள்வாயில் நிற்கும் கருவேல மரங்களில்தான் அடைந்து கூடு கட்டுகின்றன. அவ்வாறான கண்மாயில் மரம் குறைந்தது நன்மை என்று நிலப்போர்வைக் கணக்கை மட்டும் வைத்து எழுதிவிட முடியாது. எந்த மரம், கூடு இருந்த மரமா என்பதைக் களப்பதிவுதான் சொல்லும்.

மாற்றத்தைக் கணக்கிடுவது

கணக்கிடும்போது மொத்தத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு: 400 புள்ளிகளில் முதலாண்டு 48 புள்ளிகள் புல்தரை, பத்தாண்டு கழித்து 40. எட்டுப் புள்ளிகள், அதாவது 12 ஹெக்டேர் குறைவு என்றால் பெரிய இழப்பாகத் தோன்றாது. இனி ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே பின்தொடர்ந்து பாருங்கள். 48இல் 26 மட்டுமே புல்தரையாக நீடித்தன; 17 புதராயின; 5 உழப்பட்டன. பயிரிடாமல் விடப்பட்ட வயல்கள் முதலியவற்றிலிருந்து புதிதாக 14 புள்ளிகள் வந்து சேர்ந்தன. இழந்தது 33 ஹெக்டேர், சேர்ந்தது 21 ஹெக்டேர். பல தலைமுறை மேய்ச்சலில் உருவான புல்தரையும், மூன்று ஆண்டுகளாக உழாத வயலில் முளைத்த புல்லும் ஒரே பெயரில் வந்தாலும் ஒரே வாழிடம் அல்ல. முந்திய வகைகளை வரிசையிலும் பிந்திய வகைகளை நெடுவரிசையிலும் எழுதும் மாற்ற அட்டவணை இதைத் தெளிவாகக் காட்டும்.

மழையின் ஏற்றத்தாழ்வை நிலமாற்றமாக எண்ணிவிடும் ஆபத்து இங்கே எப்போதும் உண்டு. 2015இல் வடகிழக்குப் பருவமழை மிகையாகப் பெய்தது. 2016இல் தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அந்த இரண்டு ஆண்டுகளின் படங்களை மட்டும் ஒப்பிட்டால் கண்மாய்களே அழிந்துவிட்டதாகத் தோன்றும். நீரையும் பயிரையும் பொறுத்தவரை, தொடக்கத்தில் அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளும் முடிவில் மூன்று ஆண்டுகளும் எடுத்து, ஒவ்வோர் ஆண்டின் மழையளவையும் அருகில் எழுதி ஒப்பிட வேண்டும். புதர், கட்டடம், சூரியமின் தகடு ஆகியவற்றுக்கு இவ்வளவு கவலை தேவையில்லை. அவை மழையோடு ஆண்டுதோறும் கூடிக் குறைபவை அல்ல.

பதிவை ஊருக்குத் தருவதும் காப்பதும்

முடிவுகளைக் கிராம சபையில் வரைபடத்துடன் வைக்கலாம். உயிரியப் பல்வகைமைச் சட்டம், 2002இன்படி உள்ளாட்சி அமைப்புகளில் அமைய வேண்டிய பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டிலும் சேர்க்கக் கோரலாம். ஆயினும் தனியார் புல எண்களையும் உரிமையாளர் பெயர்களையும் வெளியிடும் அறிக்கையில் காட்ட வேண்டாம். கூடுகளின் துல்லியமான இடங்களையும் காட்ட வேண்டாம். கணக்கெடுப்பு யாரையோ மாட்டிவிடுவதற்காக நடக்கிறது என்ற எண்ணம் ஒருமுறை பரவினால், அடுத்த ஆண்டு வயலுக்குள் கால் வைக்க முடியாது. இடங்கள் அடங்கிய முழுத்தரவைக் குழுவின் பொறுப்பில் மூன்று படிகளாக, ஒன்று காகிதத்திலும் இரண்டு வெவ்வேறு இடங்களிலுள்ள கணினிகளிலும் வைத்திருங்கள்.

புள்ளிக் கணக்கை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும், களப்புள்ளிகளை ஆண்டுதோறும் செய்தால் போதுமானது. காலம் செல்லச் செல்ல நுண்மையான புதிய செயற்கைக்கோள் வரும், வகைகளைத் திருத்தத் தோன்றும், குழுவில் ஆட்கள் மாறுவார்கள். அப்படி எது மாறினாலும், மாறும் அந்த ஓர் ஆண்டில் மட்டும் பழைய முறையிலும் புதிய முறையிலும் இருமுறை கணக்கெடுங்கள். பழையவரும் புதியவரும் ஒரே நாளில் ஒரே புள்ளிகளில் நின்று தனித்தனியே எழுதட்டும். இரண்டு எழுத்துகளுக்கும் இடையே வரும் வேறுபாட்டை, விதிகளையும் செய்முறையையும் எழுதி வைத்த ஏட்டின் முதல் பக்கத்தில் நாளுடன் குறித்து வைத்தால், பின்வரும் ஆண்டுகளின் கணக்கிலிருந்து அந்த அளவைக் கழித்துக்கொண்டு, முதலாண்டு தொடங்கிய தொடரை அறுபடாமல் நீட்டிக்க முடியும்.